தேவாரப் பதிகத்துக்கு எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது?

ஒரு பிரதோஷ மாலை. அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். எங்கள் தேவார வகுப்பில் படிக்கும் அம்மா ஒருவர் என் பக்கத்தில் நின்று போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "மண்ணில் நல்ல வண்ணம்" என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. "நல்ல" என்பதை எடுத்துவிட்டுத் தட்டினார். அப்போதும் இல்லை. அவர் தேடிக்கொண்டிருந்தது நாங்களே போட்டு வைத்திருந்த பட்டியலில்தான். பதிகம் அதில் இருந்தது. ஆனால் அச்சுப் புத்தகத்தில் உள்ளபடி, "மண்ணின்நல் லவண்ணம்" என்று இருந்தது. திரை விலகியதும் அந்த அம்மா போனை மூடிவிட்டு, நினைவில் இருந்த இரண்டு அடியை மட்டும் பாடினார்.

அந்த வாரமே வகுப்பில் உட்கார்ந்து பேசினோம். ஒரு பதிகத்துக்குத் தலைப்பு என்று எதை வைப்பது, எதை வைத்து அடுக்குவது, எதைத் தட்டினால் அது வர வேண்டும்? மூன்றும் ஒரே கேள்வி என்று நினைத்துத்தான் முதலில் பட்டியல் போட்டிருந்தோம். அது தவறு என்று புரிய எங்களுக்கு நாளாயிற்று. கோயில்களிலும் மன்றங்களிலும் இதே வேலையைத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, எங்கள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதுகிறேன்.

சிக்கலின் வேர் ஒன்றுதான். தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் தங்கள் பதிகங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. திருவாசகத்தில் இந்தத் தொல்லை கிடையாது. சிவபுராணம், திருவெம்பாவை, அச்சோப்பதிகம் என்று 51 பகுதிக்கும் பெயர் உண்டு. தேவாரத்திலோ ஏறக்குறைய 800 பதிகம், 8,000-க்கும் மேற்பட்ட பாடல். அத்தனையையும் பிற்காலத்தார்தான் எண்ணாலோ ஊராலோ பண்ணாலோ (ராகம் போன்ற பழந்தமிழ் இசை வகை) முதலடியாலோ அழைத்து வருகிறார்கள். எல்லாமே சரியான அழைப்புகள்தான். தலைப்பு என்று வரும்போது ஒன்றைத்தான் வைக்க முடியும்.

எண்

கணினி தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். சைவப் பாடல் தொகுப்புகளான திருமுறைகளில் முதல் மூன்று சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். திருமுறை எண், பதிக எண், பாடல் எண் என்று மூன்றையும் புள்ளி வைத்து எழுதினால் 3.24.1 என்று ஒரு முகவரி கிடைத்துவிடும். உலகத்தில் யார் எங்கிருந்து எழுதினாலும் அது "மண்ணில் நல்ல வண்ணம்" பாட்டைத்தான் குறிக்கும். 1.1 என்றால் தோடுடைய செவியன், 4.1 என்றால் கூற்றாயினவாறு, 7.1 என்றால் பித்தா பிறைசூடி. குழப்பமே இல்லை.

அல்லது, இல்லை என்று நினைத்தோம். வகுப்பில் ஒரு பெரியவர் தன் தாத்தா காலத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதில் முதலில் இருந்தது தோடுடைய செவியன் அல்ல, "கற்றாங் கெரியோம்பி". அது தில்லைப் பதிகம். எங்கள் பட்டியலில் 1.80. அவருடைய புத்தகம் தலமுறைப் பதிப்பு. ஊர் வரிசையில் கோயிலில், அதாவது சிதம்பரத்தில், தொடங்கி நடக்கிறது. எங்கள் எண், பண் வரிசையில் அடுக்கிய பண்முறைப் பதிப்பின் எண். இரண்டும் மரபுதான், இரண்டுக்கும் புழக்கம் உண்டு. போதாததற்கு, சம்பந்தர் பதிகங்களை மூன்று திருமுறைக்கும் சேர்த்துத் தொடர் எண்ணாகப் போடும் வழக்கமும் இருக்கிறது. முதல் திருமுறையில் 136 பதிகம் என்பதால் 2.85 அந்தக் கணக்கில் 221 ஆகிவிடும்.

ஆகவே எண் பாட்டுக்குச் சொந்தமானது அல்ல, பதிப்புக்குச் சொந்தமானது. தமிழ்த் திருச்சபைகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். அங்கே பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் எண்தான் பெயர். ஆராதனை தொடங்கும் முன்பே சுவரில் உள்ள பலகையில் அன்றைய எண்களை மாட்டிவிடுவார்கள். பார்த்த உடனே சபையார் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். சபை முழுவதும் ஒரே புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதால் அது அழகாக நடக்கிறது. வேறு புத்தகம் வைத்திருக்கும் சபைக்குப் போனால் அதே எண்ணில் வேறு பாட்டு இருக்கும்.

இன்னொன்று, யாரும் 5.90 பாடுங்கள் என்று கேட்பதில்லை. "மாசில் வீணையும்" பாடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் ஓதுவாரையே கேட்டேன். ஐம்பது ஆண்டாகப் பாடுகிறவர், எந்தப் பதிகத்தைத் தொடங்கினாலும் முடிப்பவர். ஒரு பதிகத்துக்கும் எண் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை.

எண்ணை நாங்கள் கைவிடவில்லை. பண்முறை எண்ணைப் பதிவின் அடையாளமாக வைத்துக்கொண்டோம். பட்டியல் எப்படி மாறினாலும் அது மாறாது. திருவிடைவாய்ப் பதிகம் கல்வெட்டிலிருந்து கிடைத்தபோது, அதை மூன்றாம் திருமுறையின் கடைசியில் சேர்த்தார்கள். முன்னால் இருந்த எந்த எண்ணும் அசையவில்லை. அடையாளத்துக்கு வேண்டிய குணம் அதுதான்.

ஊர்

அச்சுப் புத்தகங்களைத் திறந்தால் பதிகத்தின் தலையில் கொட்டை எழுத்தில் இருப்பது ஊர்ப்பெயர். திருப்பிரமபுரம், திருப்புகலூர், திருவலிதாயம் என்று வரிசையாக வரும். அதைப் பார்த்துத்தான் எங்களில் பாதிப் பேர் ஊர்ப்பெயரையே தலைப்பாக வைக்கலாம் என்றார்கள். தலயாத்திரை போகிறவருக்கு அதைவிட வசதி வேறில்லை என்பதும் உண்மை. ஒரு கோயில் வாசலில் இறங்கியதும் அந்த ஊர்ப் பதிகம் கையில் வேண்டும்.

ஆனால் சீர்காழிக்கு மட்டும் மூவர் பாடியவை 71 பதிகம், அவற்றில் 67 சம்பந்தர் பாடியவை. ஊரைத் தலைப்பாக வைத்தால் 71 பதிவும் ஒரே தலைப்பில் நிற்கும். அப்படிக்கூட நிற்காது என்பதுதான் இன்னும் சிரமம். சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர். பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். பதிகத்தில் எந்தப் பெயர் வருகிறதோ அதையே புத்தகம் தலையில் போடுகிறது. தோடுடைய செவியன் பிரமபுரத்தில், மண்ணில் நல்ல வண்ணம் கழுமலத்தில். "சீர்காழி" என்று தட்டுகிறவருக்கு ஒன்றுமே வராது.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். திருமறைக்காடு என்று புத்தகத்தில் இருப்பது பேருந்துப் பலகையில் வேதாரண்யம். திருமுதுகுன்றம் விருத்தாசலம். திருநல்லம் கோனேரிராஜபுரம். "கோயில்" என்ற தலைப்பு சைவருக்குச் சிதம்பரம். தேடல் பெட்டிக்கோ பட்டியலில் உள்ள எல்லா ஊரின் குறிப்பிலும் வரும் ஒரு சொல். ஊர் இல்லாத பொதுப் பதிகங்களும் இருக்கின்றன. அவற்றின் தலையில் "பொது" என்று போட்டால் அது தலைப்பும் ஆகாது, அடையாளமும் ஆகாது.

அப்புறம், "திரு". ஊர்ப்பெயர் வரிசையில் அடுக்கினோம். திரையை எவ்வளவு தள்ளினாலும் "தி" முடியவில்லை. அகர வரிசை என்ற ஏற்பாட்டுக்கே அங்கே பொருள் இல்லாமல் போயிற்று. திருவை நீக்கி அடுக்கினால் வெண்காடு "வெ"-யில் வரும், நல்லூர் "ந"-வில் வரும். ஆனால் திருவாரூரில் திருவை எடுத்தால் ஆரூர், திருவையாற்றில் எடுத்தால் ஐயாறு. நடுவில் ஒட்டிக்கொண்ட வகரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதைக் கணினியிடம் விடாமல் கையால்தான் செய்தோம். பாடல் பெற்ற தலங்கள் 270-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரண்டு பேர் இரண்டு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை.

ஊருக்கு நாங்கள் கொடுத்த இடம் இது. தலைப்பு இல்லை, ஆனால் தனிக் கட்டம். அதில் பதிகத்தில் உள்ள பெயர், இன்றைய பெயர், மாவட்டம் மூன்றும் இருக்கும். பன்னிரண்டு பெயரில் எதைத் தட்டினாலும் சீர்காழிப் பதிகம் எல்லாம் வரும்.

பண்

பண்ணைத் தலைப்பாக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் ஓதுவார் தேடுவது பண்ணை வைத்துத்தான். பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்திருக்கும் மரபு அது. மாலை வகுப்பில் அவர் "இன்றைக்குக் கொல்லியில் ஒன்று எடுப்போம்" என்பார். புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கொல்லி என்றால் தெரியாது, நவரோஜு என்று ராகப் பெயரைச் சொன்னால் புரியும். கௌசிகத்துக்குப் பைரவி, காந்தார பஞ்சமத்துக்குக் கேதாரகௌளை என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதி வைத்தோம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஐந்தாம் திருமுறை முழுவதும் திருக்குறுந்தொகை, ஆறாவது முழுவதும் திருத்தாண்டகம். நான்காம் திருமுறையிலும் 22-ஆம் பதிகத்திலிருந்து திருநேரிசை, அதன் பிறகு திருவிருத்தம். இவற்றை யாப்பின் பெயரால்தான் அழைக்கிறோம். "பண்" என்று கட்டம் போட்டால் அப்பர் பதிகங்களில் பெரும்பகுதிக்கு அது காலியாகக் கிடக்கும். "பண் அல்லது யாப்பு" என்று போட்டால் தீர்ந்தது.

வழக்குப் பெயர்

கோளறு பதிகம். இதைச் சொன்ன உடனே புரியாத சைவர் இல்லை. "வேயுறு தோளிபங்கன்" என்று தொடங்கும் பதிகம் அது, 2.85. திருநீற்றுப் பதிகம் என்றால் மந்திரமாவது நீறு. திருவங்கமாலை என்றால் தலையே நீ வணங்காய். திருத்தொண்டத் தொகை என்றால் தில்லைவாழ் அந்தணர். மக்கள் வாயில் வாழும் பெயர்கள் இவை. இவை இருக்கும்போது வேறு தலைப்பு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு.

இரண்டு தடைகள். முதலாவது, இப்படிப் பெயர் பெற்ற பதிகங்கள் சிலவே. எண்ணூறு பதிகத்தில் பெரும்பாலானவற்றுக்கு வழக்குப் பெயரே கிடையாது. இரண்டாவது, இருக்கும் பெயரும் ஒன்றுக்கு மேற்பட்டதற்குப் போகிறது. நமச்சிவாயப் பதிகம் எது? சம்பந்தரின் "காதலாகிக் கசிந்து" நமச்சிவாயப் பதிகம். அப்பரின் "சொற்றுணை வேதியன்" நமச்சிவாயப் பதிகம். சுந்தரர் திருப்பாண்டிக்கொடுமுடியில் பாடிய "மற்றுப் பற்றெனக் கின்றி"யும் நமச்சிவாயப் பதிகம். மூன்றும் அந்தப் பெயருக்கு முழு உரிமை உடையவை. ஒருவர் நமச்சிவாயப் பதிகம் என்று தட்டினால் மூன்றும் வர வேண்டும், எது எது என்று பார்த்த உடனே தெரியவும் வேண்டும்.

புத்தகத்தில் மட்டும் இருந்து, வாயில் இல்லாத பெயர்களும் உண்டு. "நாமார்க்கும் குடியல்லோம்" பதிகத்தின் தலையில் மறுமாற்றத் திருத்தாண்டகம் என்று இருக்கும். பல்லவ மன்னனின் ஆணைக்கு அப்பர் சொன்ன மறுமொழி என்பதால் வந்த பெயர், நல்ல பெயர். ஆனால் வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னால் பலரும் திரும்பிப் பார்ப்பார்கள். "நாமார்க்கும்" என்று எடுத்தால் கூடவே பாடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆங்கிலத் துதிப்பாடல்களிலும் இதே அனுபவம் இருக்கிறது. ஜான் நியூட்டனின் "அமேசிங் கிரேஸ்" 1779-இல் ஓல்னி பாடல் தொகுப்பில் வந்தபோது அதற்கு இருந்த தலைப்பு வேறு: "விசுவாசத்தின் மீள்பார்வையும் எதிர்பார்ப்பும்" என்ற பொருளில் அமைந்தது. அந்தத் தலைப்பை இன்று யாரும் சொல்வதில்லை, முதல் இரண்டு சொல்லே பாட்டின் பெயர் ஆகிவிட்டது. அந்தப் பாடல்களைத் தொகுக்கும் ஹிம்னரி தளத்தைப் பாருங்கள். முதலடி, தலைப்பு, மெட்டின் பெயர், யாப்பளவு, வேத வசனம் என்று எந்த வழியில் போனாலும் பாட்டுக்குப் போய்ச் சேரலாம். வரியும் மெட்டும் அங்கே தனித்தனிப் பதிவுகள், ஏனென்றால் ஒரே வரியை வெவ்வேறு சபைகள் வெவ்வேறு மெட்டில் பாடுகின்றன. எங்கள் வேலைக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டது, ஒரு பாட்டுக்குப் பல வாசல் வைக்கலாம் என்ற துணிவை.

முதலடி

கடைசியில் நாங்கள் வந்து நின்ற இடம் இது. தமிழுக்கு இது புதிதும் அல்ல. மதுரகவியாழ்வார் பிரபந்தத்தின் பெயரே "கண்ணிநுண் சிறுத்தாம்பு", திருப்பாணாழ்வாருடையது "அமலனாதிபிரான்". முதற்சொற்களே நூலின் பெயர். ஆண்டாள் கனவைப் பாடிய திருமொழியை எல்லோரும் "வாரணமாயிரம்" என்கிறார்கள். திருப்புகழை "கைத்தல நிறைகனி", "முத்தைத்தரு" என்றுதான் கேட்டு வாங்கிப் பாடுகிறோம். பாட்டை எடுப்பது என்றாலே முதலடியை எடுப்பது. நாக்கில் முதலில் வருவது எதுவோ அதுவே தேடல் பெட்டியிலும் முதலில் விழும்.

சரி, முதலடி என்று முடிவாயிற்று. எந்த முதலடி? இங்கேதான் எங்களுக்கு அதிக நேரம் போயிற்று, இங்கேதான் அந்தப் பிரதோஷத்தன்று நாங்கள் தவறவிட்டிருந்தோம்.

அச்சில் தேவாரம் சீர் பிரித்து நிற்கும். சீர் என்பது ஓசையின் அளவு, சொல்லின் எல்லை அல்ல. "தோடுடையசெவி யன்விடையேறியோர்" என்று இருக்கும். செவியன் என்ற சொல் நடுவில் உடைந்து, "யன்" அடுத்த சீரோடு போய்விட்டது. ஓதுகிறவருக்கு அது வேண்டும், தாளம் அதில்தான் உட்காருகிறது. ஆனால் தேடுகிறவர் "தோடுடைய செவியன்" என்று தட்டுகிறார். கணினி இடைவெளியை ஓர் எழுத்தாகவே எண்ணுவதால், இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது.

இதற்கு எளிய மருந்து, தேடும்போது இடைவெளிகளை எல்லாம் கழித்துவிட்டு ஒப்பிடச் சொல்வது. தோடுடைய செவியன் கிடைத்துவிட்டது. கோளறு பதிகமும் கிடைத்தது. பெரிய மகிழ்ச்சி. "மண்ணில் நல்ல வண்ணம்" மட்டும் அப்போதும் கிடைக்கவில்லை.

அச்சில் இருப்பது "மண்ணின்நல் லவண்ணம்". இடைவெளியைக் கழித்தால் "மண்ணின்நல்லவண்ணம்". அந்த அம்மா தட்டியது "மண்ணில்நல்லவண்ணம்". லகரம் புணர்ச்சியில் னகரமாகத் திரிந்திருக்கிறது. அந்த ஓர் எழுத்து போதும். "நாமார்க்குங் குடியல்லோம்" என்று அச்சில் இருப்பதை "நாமார்க்கும்" என்று தட்டினாலும் இதே கதி. "வாயிற் குமிண்சிரிப்பு" என்று இருப்பதை "வாயில்" என்று தட்டினாலும் இதே கதி. இலக்கணம் படித்தவருக்கு இவை எல்லாம் சாதாரணம். தீபாராதனைக்கு நிற்கும் ஒருவர் போனில் தட்டும்போது புணர்ச்சி விதியை நினைத்துக்கொண்டா தட்டுவார்?

எங்கள் முன் இரண்டு வழி இருந்தன. புணர்ச்சி விதிகளைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்று. தலைப்பைச் சந்தி பிரித்து நாமே எழுதிவிடுவது இன்னொன்று. முதல் வழியில் வேலை ஒருமுறைதான், ஆனால் விதியைத் தளர்த்தத் தளர்த்த வேண்டாதவையும் சேர்ந்து வரும். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மூன்று கூட்டத்தையும் ஒன்றாக எண்ணச் சொல்லிப் பார்த்தோம். தவறாகத் தட்டுகிறவருக்கு அது உதவிதான், ஆனால் சரியாகத் தட்டுகிறவருக்குத் திரை நிறையத் தொடர்பில்லாத பாட்டுகள் வந்து நின்றன. ஆகவே அதை இரண்டாம் சுற்றுக்கு மட்டும் வைத்தோம். தட்டியபடியே தேடி எதுவும் கிடைக்காதபோதுதான் தளர்த்தித் தேடும்.

தலைப்பைக் கையால் பிரித்து எழுதுவது என்று முடிவானது. எண்ணூறு வரி, செய்துவிடலாம். ஆனால் பிரிப்பதிலும் ஓர் அளவு வேண்டும். எங்களில் ஒரு தமிழாசிரியர் "சொல் துணை வேதியன்" என்று பிரித்து வைத்தார், "கூற்று ஆயின ஆறு" என்று வைத்தார். இலக்கணப்படி சரி. ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லையே. சொற்றுணை வேதியன் என்றுதான் வாய் சொல்கிறது, கூற்றாயினவாறு என்றுதான் சொல்கிறது. கடைசியில் அவரே ஒரு விதி சொன்னார்: பாடாமல், சும்மா பெயர் சொல்வதுபோல ஒருவரிடம் அந்தப் பதிகத்தைச் சொல்லச் சொல்லுங்கள், அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே பிரியுங்கள். அதன்படியே செய்தோம். முழுதாகப் பிரித்த வடிவத்தைத் தூக்கிப்போடாமல் மாற்றுப் பெயர்க் கட்டத்தில் வைத்துக்கொண்டோம்.

எத்தனை சொல் வைப்பது என்பதும் ஒரு கேள்வி. "மாதர்" என்று தொடங்குபவை ஒன்றுக்கு மேல் உண்டு. "மாதர் மடப்பிடியும்" தருமபுரத்து யாழ்மூரிப் பதிகம், "மாதர்ப் பிறைக்கண்ணியானை" அப்பரின் ஐயாற்றுப் பதிகம். ஒரு சொல்லில் நிறுத்த முடியாது, முழு அடியும் வைத்தால் போன் திரையில் அடங்காது. இரண்டிலிருந்து நான்கு சொல், பொருள் தொங்காத இடத்தில் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை ஓதுவார்தான் காட்டினார். "குனித்த புருவமும் எங்கே?" என்றார். தமிழர்கள் நெஞ்சில் அதைவிட ஆழமாகப் பதிந்த தில்லைப் பாட்டு எது? பட்டியலில் அது இல்லை. ஏனென்றால் அது பதிகத்தின் முதல் பாட்டு அல்ல. பதிகம் "கருநட்ட கண்டனை" என்று தொடங்குகிறது, குனித்த புருவம் நான்காம் பாட்டு, 4.81.4. "முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்" திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் ஏழாம் பாட்டு, 6.25.7. பதிகம் "உயிரா வணம்" என்று தொடங்கும். பதிகத்தின் முதலடியை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால், மக்கள் உயிராய் வைத்திருக்கும் பாட்டுகள் பல அதற்குள் புதைந்து போகின்றன.

ஆகவே பதிகத்துக்குத் தலைப்பு ஒன்று, ஆனால் தேடலுக்கு ஒவ்வொரு பாட்டின் முதலடியும் என்று ஆக்கினோம். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரியைப் பேச்சு வாய்க்குப் பிரித்து எழுத எங்களிடம் ஆள் இல்லை. பாடப் புழக்கத்தில் உள்ள இருநூறு முந்நூறு பாட்டுகளை ஓதுவாரிடம் கேட்டுக் கேட்டுப் பிரித்தோம். மற்றவற்றை அச்சில் உள்ளபடி விட்டு, இடைவெளி கழித்த தேடலிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

வரிசையில் ஒரு பள்ளம்

அகர வரிசைப் பட்டியலையும் கேட்டார்கள், பெரியவர்களுக்குத் தட்டுவதைவிடப் புரட்டுவது எளிது. எக்செல் போன்றவற்றில் வரிசைப்படுத்தச் சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நாங்கள் சிறு நிரல் எழுதி அடுக்கியபோது வரிசை கலைந்துவிட்டது. யூனிகோடில் எழுத்துகளுக்கு உள்ள எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து, ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கு எல்லாம் பின்னால் இருப்பதால் "க்" என்பது "கௌ"-வுக்கு அப்பால் போய்விழும். தமிழுக்கென்று உள்ள வரிசை விதியை நிரலில் சொல்லி அழைத்தால் இது சரியாகிவிடும். அழைக்க மறந்தால் பட்டியல் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், தேடுகிற பாட்டு மட்டும் தேடுகிற இடத்தில் இருக்காது.

அதோடு பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும்போது "கொ" போன்ற எழுத்துகள் இரண்டு துண்டாக வந்து சேரும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. எல்லா வரியையும் யூனிகோடின் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியபோது அது பயன்படுத்திய எழுத்துக் குறியீடே வேறு, யூனிகோடுக்கு அது பின்னால்தான் மாறியது. அந்தக் காலத்தில் தட்டச்சிட்டவர்களின் உழைப்பின் மேல்தான் நாம் இன்று நிற்கிறோம். ஆனால் பழைய கோப்பு எதுவானாலும் அப்படியே ஒட்டாமல் ஒருமுறை சலித்து எடுங்கள்.

எங்கள் பதிவு இப்போது இருக்கும் நிலை

ஒன்றைக் காட்டுகிறேன். அடையாளம்: 3.24. தலைப்பு: மண்ணில் நல்ல வண்ணம். மாற்று வடிவங்கள்: மண்ணின்நல் லவண்ணம், மண்ணினல்ல வண்ணம், ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்காக மூன்று விதமான எழுத்துக்கூட்டல். பாடியவர்: திருஞானசம்பந்தர். ஊர்: திருக்கழுமலம், சீர்காழி. பண்: கொல்லி, நவரோஜு. வழக்குப் பெயர்: காலி. இல்லாததற்கு நாமாக ஒரு பெயர் சூட்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

"பலன்" என்று ஒரு கட்டம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கல்யாணத்துக்கு எந்தப் பதிகம், காய்ச்சலுக்கு எது, கடனுக்கு எது என்று கேட்டுத்தான் கோயிலில் நிறையப் பேர் வருகிறார்கள். எனக்கு முதலில் தயக்கம். பாட்டை மருந்துச் சீட்டாக்குவதாகத் தோன்றியது. ஆனால் திருநீலகண்டப் பதிகத்தைக் கேட்டு வந்த ஒரு தாயின் முகத்தைப் பார்த்த பிறகு தயக்கம் போய்விட்டது. "அவ்வினைக்கு இவ்வினை" என்ற முதலடி அவருக்குத் தெரியாது, பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் என்பது மட்டும் தெரியும். மரபாகப் பாடி வரும் பலன் எதுவோ அதை மட்டும், ஓதுவார் சொன்னபடி, அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம். அது தலைப்பில் வராது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், ஐம்பது பதிகத்துக்குள் உள்ள சிறு வகுப்புக்கு இவ்வளவும் வேண்டாம். முதலடியைப் பிரித்து எழுதி, பக்கத்தில் எண்ணும் ஊரும் போட்டால் போதும். ஒரே கோயிலுக்கு மட்டும் என்றால் ஊர்க் கட்டமே தேவையில்லை. ஏழு திருமுறையும் என்று இறங்கினால் மட்டும், முதல் நாளே எண்ணையும் தலைப்பையும் வேறு வேறு கட்டத்தில் வையுங்கள். நாங்கள் இரண்டையும் ஒட்டி "3.24 மண்ணின்நல் லவண்ணம்" என்று ஒரே வரியாகத் தட்டியிருந்தோம். பிரித்தெடுக்க ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்த பிரதோஷத்துக்கு அந்த அம்மா வந்தபோது நானே போய்ப் போனை வாங்கி, தட்டிக் காட்டினேன். வந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "குனித்த" என்று தட்டினார். அதுவும் வந்தது. திரை விலகும் வரை மேலும் கீழும் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார்.